எங்கட ஆக்களின்ர வீடும் பூஞ்சணமும்

(கிழக்கு லண்டனில் வாடகைக்கு இருப்போர் சந்திப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



பூஞ்சணம் என்றால் என்ன என்று இங்க இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தை மாதத்தில் அலுமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் பின்னுக்குக் கறுப்பாகப் படர்ந்திருக்குமே, அதுதான். மூன்று வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட சனத்துக்கு வீட்டுக்காரருக்கான ஈமெயில் எழுதிக் கொடுத்து வாறன். நான் சட்டத்தரணி இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பந்தி கோர்வையாக எழுதுவன், அவ்வளவுதான். அந்த மேசையில் நான் கூடக் கேட்ட வசனம் இது: "கடிதம் கிடிதம் வேண்டாம் தம்பி, அவர் எங்கட ஆள்."

அதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போறன்.

எங்கட ஆள் என்றால் ஆர்? ஊரால தெரிஞ்சவர். கோயிலில் காண்கிறவர். வந்த புதிதில் பேப்பர் ஒன்றும் கேட்காமல் அறை தந்தவர். அது சின்ன விசயம் இல்லை. 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி, 2016 பெப்ரவரியிலிருந்து இங்கிலாந்து முழுக்க வீடு வாடகைக்கு விடுகிறவர் குடியிருக்க வாறவரின் விசா நிலையைச் சோதிக்க வேண்டும். வீட்டுக்காரரை எல்லை அதிகாரி ஆக்கின சட்டம். இது இனப் பாகுபாட்டைக் கூட்டுது என்று 2019இல் உயர் நீதிமன்றமே சொன்னது, அடுத்த வருசம் மேன்முறையீட்டில் அரசு வென்றுவிட்டது. அப்படியான ஊரில் கதவைத் திறந்துவிட்டவருக்கு நன்றி வரத்தான் செய்யும். அந்த நன்றியை நான் நக்கல் அடிக்க மாட்டன். ஆனால் அந்த அறைக்கு நாங்கள் மாதா மாதம் காசு கட்டுறம். அவருக்கும் மோர்ட்கேஜ் இருக்குத்தான். அதைக் கட்டுறது ஆர் என்று ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

ஒரு அக்காவின் கதையைச் சொல்றன். அவவுக்குச் சம்மதம், பேரும் தெருவும் மட்டும் வேண்டாம் என்றா. மேல்மாடி வீடு, இரண்டு பிள்ளைகள், மனுசன் இரவு வேலை. பின்னறைச் சுவர் நனைஞ்சு கறுத்துப் போச்சு. சின்னவனுக்கு நாலு வயசு, இன்ஹேலர் இல்லாமல் நித்திரை இல்லை. வீட்டுக்காரரை அவ "அண்ணை" என்றுதான் கூப்பிடுவா, ஒரே ஊர். போன் எடுத்துச் சொன்னா. அண்ணை ஒரு வாளி பெயின்ற்றோட வந்து தானே நின்று அடிச்சுவிட்டார், தேத்தண்ணியும் குடிச்சார். ஆறு கிழமையில் கறுப்பு திரும்ப வந்தது. திரும்பவும் பெயின்ற். மூன்றாம் தரம் அண்ணைக்குக் கோபம் வந்திட்டுது: "நீங்கள் குசினிக் கதவைத் திறந்து வச்சுச் சமைக்கிறியள், உடுப்பை வீட்டுக்குள்ள காயப்போடுறியள். பிறகு என்னைக் குறை சொல்றியள்."

இந்த வசனத்தை நல்லாக் கவனியுங்கோ. ரொச்டேல் நகரத்தில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை செத்தது. சூடானில் இருந்து வந்த குடும்பம், சமூக வீட்டுவசதி நிறுவனமொன்றின் ஃபிளாட். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். தகப்பன் திரும்பத் திரும்ப முறையிட்டிருக்கிறார். பெயின்ற் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் வாழுற முறையைப் பற்றித் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தது பிழை என்று அந்த நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. அங்க சொன்னது ஒரு பெரிய நிறுவனம், இங்க சொன்னது எங்கட அண்ணை. வசனம் ஒன்றுதான்.

சமைச்சால், உடுப்புக் காயப்போட்டால் நீராவி வரும், உண்மைதான். ஆனால் மனிசர் வீட்டில் சமைக்காமல் எங்க சமைக்கிறது? கிழக்கு லண்டனின் நூறு வருசப் பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலானவை இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர். வெளியில் குளிர்ந்தால் உள்பக்கமும் குளிரும், ஈரம் அதில்தான் படியும். அதைக் குறைக்க விசிறி வேணும், வேலை செய்யிற ஹீற்றிங் வேணும். அக்காவின் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. கூரைப் பீலி இலையால் அடைச்சு, மழைத்தண்ணி முழுக்கச் சுவரால் வழிஞ்சுகொண்டிருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தாலே தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்றன். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி கூரை, சுவர், பீலி, தண்ணி, காஸ், கரண்ட், ஹீற்றிங் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்தப் பிரிவை ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதித் தட்டிக்கழிக்க ஏலாது. மனிசர் இருக்கத் தகுதியில்லாத வீடென்றால் நீங்களே வழக்குப் போடலாம், அது 2018ஆம் ஆண்டுச் சட்டம். கடும் ஆபத்து என்று கவுன்சில் மதிப்பிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். அவாபின் பேரில் வந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27இலிருந்து சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கு: அவசர ஆபத்தென்றால் 24 மணித்தியாலம். தனியார் வீடுகளுக்கும் அதை நீட்டச் சட்டம் வழி செய்திருக்கு, திகதிதான் வரவேணும். காரணம் சொல்லாமல் எழுப்புற 21ஆம் பிரிவு 2026 மே 1இலிருந்து இல்லை.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, குசினி குளியலறையைப் பகிர்ந்தால் நீங்கள் சட்டப்படி வேறு வகை. இந்தப் புதுப் பாதுகாப்புகள் பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. எங்கட மாணவர்கள் கனபேர் இந்த நிலையில்தான் இருக்கினம். இன்னொன்று, கோபத்தில் வாடகையை நிறுத்தாதேங்கோ. நிலுவை ஏறினால் எழுப்பக் காரணம் அவர் கையில் போய்ச் சேரும்.

வாடகையை நிறுத்தி வென்ற காலமும் இந்தத் தெருக்களில் இருந்தது. 1939இல் ஸ்ரெப்னியில், லாங்டேல் மான்ஷன்ஸ், பிராடி ஸ்ட்ரீட் மான்ஷன்ஸ் என்ற குடியிருப்புகளில் ஐந்து மாதம் வாடகை மறுப்பு நடந்தது. கம்யூனிஸ்ட்டுகளும் பாதிரியார் குரோசரும் சேர்ந்து நின்ற குடியிருப்போர் சங்கம். வாசலில் முள்ளுக்கம்பி, காவலுக்குப் பெண்கள். வாடகை குறைஞ்சது, திருத்த வேலையும் நடந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஸ்ரெப்னியில் குடியிருந்தவர்களில் யூதர்கள் நிறையப் பேர், வீட்டுக்காரர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். வெளியில் மோஸ்லியின் பாசிஸ்டுகள். 'இந்த நேரத்தில் எங்கட ஆக்களுக்கு எதிராகவா?' என்ற கேள்வி அவர்களுக்கு எங்களைவிடக் கூர்மையாக இருந்திருக்கும். அவர்கள் யூத வீட்டுக்காரர், வெள்ளைக் கிறிஸ்தவ வீட்டுக்காரர் என்று பிரிக்காமல் எல்லாரிடமும் ஒரே கோரிக்கையை வைத்தார்கள். பாசிஸ்ட் கட்சியில் இருந்த குடும்பம் எழுப்பப்படப் போனபோதும் கம்யூனிஸ்ட்டுகள் போய் வாசலில் நின்றார்கள்.

அக்காவின் ஈமெயிலுக்குத் திரும்ப வாறன். ஐந்து வரி. என்ன பழுது, எப்ப இருந்து, முந்தி எந்தெந்தத் திகதியில் போனில் சொன்னது, 11ஆம் பிரிவு, எப்ப திருத்துவியள். படங்கள் நாலு. அன்றிரவே அண்ணையின் போன்: "ஏன் பிள்ளை எழுத்தில போட்டனீ? ஒரு கோல் எடுத்திருக்கலாமே?" அந்த மனுசனுக்கு உண்மையாகவே நொந்திருக்கு. அக்கா கோபப்படவில்லை. "எடுத்தனான் அண்ணை, மூன்று தரம். இப்ப திகதி சொல்லுங்கோ." அண்ணை என்ற சொல்லை அவ கடைசிவரைக்கும் விடவில்லை.

திகதி வரவில்லை. பிறகு தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்குக் காத்து நின்றபோதுதான், அதே அண்ணைக்கு இன்னும் மூன்று வீடு இருக்கிறது தெரிய வந்தது. எல்லா வீட்டிலும் பூஞ்சணம். "உங்கட வீட்டில மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று நாலு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஈமெயிலில் நாலு பேரின் கையெழுத்து, கவுன்சிலுக்கும் பிரதி.

பத்து நாளில் ஆள் வந்து பீலியைத் துப்புரவாக்கினது. குளியலறையில் விசிறி பூட்டினது. மூன்றாவது வீட்டின் பொயிலர் இன்னும் பழுது, அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கு. போன கிழமை அக்காவுக்கு வாடகை கூட்டுற அறிவித்தல் வந்திருக்கு. அதைத் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். அண்ணை கேட்டதைவிடக் கூட்ட அங்க ஏலாது. விண்ணப்பத்தை நிரப்ப வாற ஞாயிறு நாலு குடும்பமும் வருகினம். தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரிஞ்ச இரண்டு பேர் வேணும், ஒரு மணிக்கு.