எலி வளையில் நெல், பானையில் நாகம்

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிறது. தை மாதம் அறுப்பு முடிந்து, கட்டெல்லாம் களத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வெறும் தாள் நிற்கும் கழனியில் ஒரு பெரியவர் வந்து இறங்குவார். தோளில் ஒரு கடப்பாரை, கையில் அடியில் ஓட்டை போட்ட மண்சட்டி. பின்னால் அவர் மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை, அவளுக்குப் பின்னால் ஒரு நாய். வரப்போரமாக நடந்து வருவார். வளை வாயில் சிலந்தி நூல் கட்டியிருந்தால் நிற்கவே மாட்டார். ஈர மண் புதிதாகத் தள்ளியிருந்தால் உட்கார்ந்துவிடுவார். வளை வாய் வழவழவென்று தேய்ந்திருந்தால் பொடியன்களான எங்களைப் பார்த்து, "எட்டிப் போங்க சாமி, உள்ள வேற ஆள் இருக்காரு" என்பார். அந்த "வேற ஆள்" பாம்பு.

சட்டிக்குள் சருகும் வைக்கோலும் திணித்து, நெருப்பு வைத்து, சட்டியின் வாயை வளையோடு பொருத்தி, அடி ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார். புகை வளைக்குள் போகும். அவர் கண் சிவந்து, இருமி இருமித் துப்புவார். பிறகு கடப்பாரை. எலி அவருக்குக் கறி. எலி சேர்த்து வைத்திருக்கும் நெற்கதிர் அவர் வீட்டுக்குக் கஞ்சி. ஒரு பெரிய வளையைத் தோண்டினால் மரக்கால் நெல்கூடத் தேறும். கழனிக்காரருக்கும் லாபம்தான், அடுத்த போகத்துக்கு எலித்தொல்லை குறையும். அதற்குக் கூலி என்று யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவருக்கு என் தாத்தா வயது. நாங்கள் அவரை "வாடா, போடா" என்றுதான் கூப்பிட்டோம். எட்டு வயதுப் பையன் வாயிலிருந்து அப்படி வரும். அவர் "சாமி" என்று பதில் சொல்வார். வீட்டில் யாரும் எங்களைத் திருத்தவில்லை. இன்றைக்கு இதைச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் தாண்டிப்போனால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர்கள் இருளர்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று வட மாவட்டங்கள் முழுக்க ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் பத்து வீடு, இருபது வீடாகச் சிதறி இருப்பவர்கள். எங்கள் பக்கத்தில் "வில்லியர்" என்றும் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 1,90,000 பேர். மாநிலத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு இனங்களில் இவர்கள் ஒன்று. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மற்ற ஐந்து.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. எண்பதுகளில் ஒரு சாயங்காலம் மல்லாட்டைக் கொல்லையில் என் சித்தப்பா கண்ணாடிவிரியனை மிதித்துவிட்டார். கடிபட்டதும் வீட்டில் செய்த முதல் காரியம், மந்திரிக்க ஆள் தேடியது. அதில் இரண்டு மணி நேரம் போயிற்று. கால் பூசணிக்காயாக வீங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குப்பி குப்பியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று நாள் அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை. கண்ணாடிவிரியன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் பிடிக்கும். பிழைத்துவிட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டது இருபது வருஷம் கழித்து.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலி என்று ஓர் ஊர். அங்கே 1978-இல் தொடங்கியது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். அதற்கு முன்பு இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்து வியாபாரிகளிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது, தோல் வியாபாரம் நின்றது, அடுப்பும் நின்றது. பாம்பைக் கொல்லாமல் அதே கைத்திறனில் பிழைக்க ஒரு வழி வேண்டும் என்று பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து கட்டியதுதான் இந்தச் சங்கம்.

சங்கத்தார் நஞ்சுக்காகப் பிடிப்பது நான்கு பாம்புகளை: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கும்தான் காரணம் என்பார்கள். வனத்துறை ஆண்டுக்கு எத்தனை பிடிக்கலாம் என்று கணக்குச் சொல்லி அனுமதி தரும். பிடித்த பாம்பை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒரு தடவை நஞ்சு எடுப்பார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, திரும்பவும் பிடிபட்டால் தெரிய வேண்டுமே என்று வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். எடுத்த நஞ்சு உறைந்து பொடியாகி மருந்துக் கம்பெனிக்குப் போகும். அங்கே குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற, குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறும். அதைப் பிரித்துத்தான் குப்பியில் அடைக்கிறார்கள். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் அந்த மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. என் சித்தப்பா உடம்பில் ஏறிய மருந்து ஏதோ ஓர் இருளர் கையிலிருந்து தொடங்கியிருக்க எல்லா நியாயமும் உண்டு. நாங்கள் "வாடா போடா" போட்ட அதே சனம்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறும். செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து ராஜஸ்தானத்துப் பாம்புக்கடிக்கு அதே அளவு கேட்பதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லி வருகிறார்கள். ஆப்பிரிக்காவில் இது இன்னும் பட்டவர்த்தனம். நைஜீரியாவில் கோம்பே மாநிலத்துக் கல்டுங்கோ என்னும் ஊரில் பாம்புக்கடிக்கென்றே பேர்போன ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நம்மூர்ச் சுருட்டைவிரியனின் பங்காளி கடித்து வரும் ஏழை விவசாயிகள்தான் அங்கே படுக்கையெல்லாம். இந்தியப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து அந்தப் பங்காளியின் கடிக்குச் சரியாக வேலை செய்யவில்லை என்று மேற்கு ஆப்பிரிக்காவில் பட்டுத்தான் கண்டுகொண்டார்கள். அந்தந்த மண்ணின் பாம்பை அந்தந்த மண்ணில் பிடித்தால்தான் சரியான மருந்து. பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே! அந்த ஆள் நம்மிடம் இருக்கிறார்.

2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்புக் காட்டில் பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பத்மஸ்ரீ கிடைத்த இனம். இருக்கட்டும். அதே இனத்துப் பிள்ளை ஒன்று, எங்கள் ஒன்றியத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது எனக்குத் தெரியும். காரணம் ஒரு காகிதம். சாதிச் சான்றிதழ்.

மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். போலிகள் புகுந்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. ஆனால் உண்மையான இருளர் வாசலில்தான் அது முட்டுக்கட்டையாக நிற்கிறது. அப்பாவின் சான்றிதழ் எங்கே என்பார்கள். அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. பட்டா எங்கே என்பார்கள். மூன்று தலைமுறையாக ஏரிப் புறம்போக்கு. ஒவ்வொரு நடைக்கும் பஸ் காசு, ஒரு நாள் கூலி. நான்காவது நடையில் பிள்ளை சூளைக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் திண்டிவனத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் தீராது. பேராசிரியர் கல்யாணி. பிரபா கல்விமணி என்று எழுத்துலகில் பெயர். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தியவர். தொண்ணூறுகளில் காவல்துறைக் கொடுமைக்கு ஆளான இருளர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்ட, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. ஊரில் திருட்டுப் போனால் சந்தேகத்தில் முதலில் பிடிப்பது ஓர் இருளரைத்தான் என்ற வழக்கத்தை எதிர்த்து மனு மேல் மனு. சான்றிதழுக்கு, மனைப்பட்டாவுக்கு, குடும்ப அட்டைக்கு, ஒவ்வொன்றுக்கும் மனு. அலுவலக வாசலில் இருளர்கள் கும்பலாக உட்கார்ந்து "எங்கள் சான்றிதழ் எங்கே" என்று கேட்கலாம் என்பதே இந்தப் பக்கத்துக்குப் புதிது. 2021 நவம்பரில், காவல்துறைக் கொடுமைக்கு ஆளான ஓர் இருளர் குடும்பத்தைக் காட்டிய 'ஜெய் பீம்' படம் வந்தபோது எல்லோரும் இருளரைப் பற்றிப் பேசினார்கள். படத்துக்கு மூலமான உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டது ஒரு குறவர் குடும்பம் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ! ஆனாலும் அந்தப் படத்தால் ஒரு நன்மை. நடிகர் சூர்யா தரப்பிலிருந்து இருளர் கல்விக்கென ஒரு கோடி ரூபாய் வந்தது. அதே மாதம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் முதலமைச்சர் நேரில் போய் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்.

சூளை என்றேன். அதுவும் இந்தக் கதையில் பாதி. எலிக்கும் நெல்லுக்கும் மருந்தடித்து வளை வறண்டது. காடு சுருங்கியது. இருளருக்கு மிஞ்சியது சவுக்கு வெட்டு, வேலிகாத்தான் வெட்டிக் கரி மூட்டம் போடுவது, கரும்பு வெட்டு, செங்கல் சூளை, ரைஸ் மில் களம். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ முன்பணம் வாங்குவார்கள். பிறகு குடும்பத்தோடு அந்த இடத்திலேயே தங்கி உழைத்துக் கழிக்க வேண்டும். கடன் கழியவே கழியாது. எழுதுகிறவர் ஒருவர், எழுதத் தெரியாதவர் மற்றொருவர் என்றால் எப்படிக் கழியும்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2019 ஜூலையில், சட்டம் வந்து 43 வருஷம் கழித்து, காஞ்சிபுரம், வேலூர் பக்கத்து மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அதில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கு எங்கள் கழனிப் பெரியவர் முகம்தான் தெரிந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பாவப்பட்ட சனம் என்று நினைத்துவிடாதீர்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுவாளாம். அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்து வரத்தான் இத்தனை பேரும் வருகிறார்கள். நாலு குச்சி நட்டுப் புடவையைக் கட்டினால் கூடாரம். முழுநிலா வெளிச்சத்தில் மணல் தெரியாத அளவுக்குச் சனம். விடியலில் ஈர மணலைக் கூட்டி ஏழு படி கட்டி, பூவும் பொரியும் பழமும் வைத்துப் படைப்பார்கள். அம்மன் ஒருவர் மேல் இறங்கிக் குறி சொல்வாள். அந்தப் படிக்கு முன்னாலேயே தாலி கட்டுவார்கள், பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், காது குத்துவார்கள். மண்டபம் கிடையாது, ஐயர் கிடையாது, வட்டிக்கு வாங்கிய பந்தி கிடையாது. வருஷம் முழுக்க சூளைக்கும் களத்துக்குமாகச் சிதறிக் கிடந்த பங்காளிகள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது அந்த ஓர் இரவில்தான். அங்கே யாரும் யாரையும் "சாமி" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நேயர்களே, உடல்நலச் செய்தி ஒன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அதாவது ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் மந்திரத்துக்குக் கொடுத்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓர் இருளர் குடியிருப்பு இருக்கக்கூடும். எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், எந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை என்று கேளுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். முடிந்தால் திங்கட்கிழமை அவர்களோடு விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறுங்கள். கூட ஒரு வேட்டி சட்டைக்காரர் வந்தால் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கிறது என்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். போகும்போது அங்கே இருக்கும் பெரியவரை "ஐயா" என்று கூப்பிடுங்கள்.