கைநாட்டும் கையெழுத்தும்

(முதியோர் எழுத்தறிவு மையத் தொடக்க விழா ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



எழுத்தறியாதவர் அறிவில்லாதவர் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்தே விதைப்புக்குப் பதம் சொல்லும் உழவரும், கொடுக்கல் வாங்கலை மனக்கணக்காகவே வைத்திருக்கும் தாய்மாரும் நம் ஊர்களில் நிரம்ப உள்ளனர். முடிவெடுக்கும் திறன் அவர்களிடம் உண்டு. ஆனால் எதைப் பற்றி முடிவெடுக்கிறோம் என்பதைப் பிறர் வாயால் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. சொல்பவர் நல்லவராயின் பிழைத்தார்கள், அல்லராயின் கெட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், அறுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்தார். குழுவில் சேர்வதற்கான மனு என்று சொல்லப்பட்ட தாளில் அவர் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். உண்மையில் அது வேறொருவர் வாங்கிய கடனுக்குப் பிணை. தவணை கேட்டு ஆள் வந்த பிறகே அவருக்குச் செய்தி தெரிந்தது. இரண்டு ஆடுகளை விற்றுக் கட்டியிருந்தார். "படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாமே, அம்மா?" என்றோம். "இந்த ஆபீசிலேயும் எத்தனையோ தாள்லே கை வெச்சிருக்கேன் ஐயா. யாரும் படிச்சுக் காட்டலையே" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

காகிதத்தில் மட்டுமன்று, அன்றாட வாழ்விலும் இத்தகைய இடர் உண்டு. பூச்சிமருந்துப் புட்டியில் உள்ள நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பின்னர் நீலம், பச்சை கடுமை குறைந்தது. ஆயினும் பச்சையும் நஞ்சே. நிறத்தை எவரும் காணலாம். எவ்வளவு நீரில் எத்தனை மில்லி கலப்பது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்வது என்பவையோ எழுத்தில்தான் உள்ளன.

குழந்தையின் வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் கரைப்பதும் உண்டு. 200 மில்லியில் கரைப்பதும் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் மருந்தே குழந்தைக்குத் தீங்காகும். வங்கி முகவரின் கருவியில் விரல் வைத்தால் பணம் வருகிறது. கணக்கில் குறைந்தது 500 ரூபாயா, 1,500 ரூபாயா என்பதை ரசீதைப் படிப்பவரே அறிவார்.

நுண்கடன் ஒப்பந்தம் கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதிதான். ஆனால் படிக்க இயலாதவருக்குத் தமிழில் அச்சிட்ட தாளும் வெறுந்தாளே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 73 பேரே எழுத்தறிந்தவர். எஞ்சியோர் நம் வீட்டுத் தாய்மாரே.

வயது கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டா. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தால் எழுத்துக் கற்ற பெண்கள் பல்லாயிரவர். அதனோடு சைக்கிள் ஓட்டவும் கற்று, பிறர் துணையின்றிச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றனர். பெயரெழுதக் கற்பதோடு நீங்களும் நின்றுவிடலாகாது. படியாமல் போடும் கையொப்பம் கைநாட்டினும் மேலானதன்று. ரசீதையும் மருந்துச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையுமே இங்குப் பாடமாகக் கொள்ளுங்கள்.

படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் தந்து உதவ வேண்டுகிறோம். நம் கடமையையும் சொல்லிவிடுகிறோம். படித்துக் காட்டாமல் எவரிடமும் ரேகை வாங்குவதில்லை என்பதை நம் அலுவலகத்தில் வழக்கமாக்கியிருக்கிறோம். தவறினால் நீங்கள் கையை மடக்கிக்கொள்ளுங்கள். "முதலில் படியுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதை நமக்குக் கற்பித்த அம்மையார் இம்மையத்தில் முதலாவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் வழியில் நீங்களும் வருக!