தீவுக்கு வரும் சிலிக்கன்

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகில் அரிசி மூட்டையும் ஏறும். இயந்திர உதிரிப் பாகமும் ஏறும். ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் கடலே வழி. பெருநிலத்து மின்கம்பி எட்டாத இத்தீவுகள் டீசல் இயந்திரங்களையே நம்பி வந்தன.

இவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் அளிக்கும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு, 2021 சனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டிலேயே திட்டம் இடைநின்றது. பின்னர் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறி, 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சூரிய மின் 1,700 கிலோவாற்று, காற்று மின் 530 கிலோவாற்று, பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி. துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல். பழைய துணையைக் கைவிட எவருக்கும் துணிவில்லை போலும்!

இதனை அரசுகளின் போட்டி என்று மட்டும் எண்ணுதல் போதாது. சூரியக் கலம் சிலிக்கன் என்னும் குறைகடத்தியால் ஆனது. அதன் உற்பத்திப் படிகள் ஒவ்வொன்றிலும் உலகின் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சீனாவிடமே உள்ளதெனச் சர்வதேச எரிசக்தி முகவரகம் 2022இல் கணித்தது. கலம் தரும் நேர்மின்னை வீட்டுக்குரிய ஆடல்மின்னாக மாற்றுவது இன்வெர்ட்டர். அதனுள்ளே திரான்சிற்றர்கள் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. உப்புக்காற்றுக்கு அஞ்சிப் பெட்டியை இறுக மூடினால் வெப்பம் உள்ளே தங்கும். வெப்பந் தாங்கும் உயர்தரத் திரான்சிற்றர் வேண்டும். அவற்றைச் செய்யும் ஆலைகளோ சிலவே. ஆகவே, பெட்டியின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் கடற்காற்றுக்கும் பங்குண்டு, தொலைவிலுள்ள ஆலைக்கும் பங்குண்டு.

2021, 2022ஆம் ஆண்டுகளில் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, கட்டளையிட்டவர்கள் பலர் ஆறு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தனர். டெஸ்லா கார் நிறுவனம் கிடைத்த மாற்றுச் சில்லுகளுக்கு ஏற்பத் தன் மென்பொருளையே திருத்தி எழுதியது. மென்பொருள் வல்லார் படை வைத்திருப்பவர்க்கு அது இயலும். தீவின் மின்நிலையத்தில் இருப்பவரோ ஓரிரு தொழில்நுட்பவியலாளரே. அவர்களுக்கு ஒரு பெரிய இன்வெர்ட்டரிலும் பல சிறியவையே உகந்தவை; ஒன்று பழுதானால் மின் குறையுமேயன்றி அற்றுப்போகாது. இரு தயாரிப்பாளரின் சில்லுகளையும் ஏற்கும் பலகை சற்று விலை கூடினும் கொள்ளத்தக்கது.

கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாள்களும் உண்டு. ஆதலால் மாற்றுப் பலகை அவ்வத் தீவின் களஞ்சியத்திலேயே இருத்தல் வேண்டும். மூன்று தீவுகளுக்கும் ஒரே வகைப் பலகை பொருந்துமாறு அமைத்தால், நயினாதீவில் மிஞ்சியது நெடுந்தீவுக்கு உதவும்.