வௌவாலிலும் வகை உண்டு



நெல் என்று பொதுவாகச் சொன்னால் உங்களுக்குப் போதுமா? போதாது. "என்ன நெல்லு?" என்று உடனே கேட்பீங்க. கிச்சிலிச் சம்பாவா, மாப்பிள்ளைச் சம்பாவா, பொன்னியா என்று தெரிந்தால்தானே எந்தப் பட்டம், எத்தனை நாள் பயிர் என்று முடிவு செய்ய முடியும்? மாடு பிடிக்கப் போனாலும் அப்படித்தான். காங்கேயத்துக்கு ஒரு கணக்கு, பர்கூர் மாட்டுக்கு ஒரு கணக்கு. ஆனால் அந்தி சாய்ந்ததும் தோப்புக்கு மேலே பறக்கிற பிராணியைப் பார்த்தால் மட்டும், "வௌவால்" என்று ஒரே பேரில் முடித்துவிடுகிறோம். கொய்யாவைக் கடித்தது ஒன்று, அடி வாங்குவது இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. ஆகவே வௌவாலில் உள்ள வகைகளைப் பற்றியும், அவற்றுக்குப் பேர் வைக்கிற முறையைப் பற்றியும் இன்று கொஞ்சம் பேசலாம்.

நம்ம பெரியவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வாவல் என்றும், துரிஞ்சில் என்றும் தனித்தனிப் பேர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களைக் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் 120-க்கு மேல் உண்டு. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணிகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இனங்கள் வௌவால்கள்தான். இவற்றில் பெரும்பாலானவை வெப்ப நாடுகளில் வாழ்கின்றன.

ஆதியில் படித்தவர்களுக்கே இதில் குழப்பம் இருந்தது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் பிராணிகளை வகைப்படுத்தி எழுதியபோது, வௌவாலை எங்கே சேர்த்தார் தெரியுமா? மனிதனும் குரங்கும் இருக்கிற கூட்டத்தில்! அதற்குப் பிறகு 1779-இல் ஜெர்மானிய அறிஞர் புளூமன்பாக், "இது தனிக் குடும்பம்" என்று பிரித்து, கையே சிறகானது என்ற பொருளில் கைராப்டெரா என்று பேர் கொடுத்தார். பொருத்தமான பேர்தான். இறந்துகிடக்கிற வௌவாலின் இறக்கையைத் தொடாமல் உற்றுப் பாருங்க. நம்ம கை விரல்கள் போலவே நீண்ட விரல்களும், அவற்றின் நடுவே விரித்த தோலும் தெரியும்.

விஞ்ஞானிகள் ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பேர் வைக்கிறார்கள். முதல் பேர் குடும்பப் பேர் மாதிரி, இரண்டாவது ஆளின் சொந்தப் பேர் மாதிரி. எந்தப் பிராணியை வைத்து அந்தப் பேர் கொடுத்தார்களோ, அதன் தோலையும் மண்டையோட்டையும் சீட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துவார்கள். விதைக்கு மாதிரி எடுத்து வைக்கிறது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாளைக்குச் சந்தேகம் வந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம்ம ஊர்த் தோட்டங்களில் வாழைக்கும் கொய்யாவுக்கும் வருகிற குட்டைமூக்குப் பழ வௌவால் இருக்கிறதே, அதற்கு இப்படிப் பேர் வந்தது நம்ம தரங்கம்பாடியில் கிடைத்த பிராணியை வைத்துத்தான். அப்போது அந்த ஊர் டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. டென்மார்க்கில் பணியாற்றிய மார்ட்டின் வால் என்ற அறிஞர் 1797-இல் அதற்குப் பேர் வைத்தார். இன்று அதைச் சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ் என்கிறார்கள்.

சரி, பேர் மாறிப்போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். விதை மூட்டையில் சீட்டு மாறினால் என்ன கெடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வௌவாலிலும் அப்படி ஒரு சீட்டு மாறிய கதை உண்டு. அதுவும் நம்ம தேனிப் பக்கத்து மேகமலையில் நடந்தது.

1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் ஒரு பழ வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போயிற்று. அங்கே அதைச் சாதாரணக் குட்டைமூக்குப் பழ வௌவால் என்று எழுதி, பெட்டியில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் கிட்டி தொங்லொங்யா பிறகு அதை எடுத்துப் பல்லைப் பார்த்தார். மாட்டுக்கு வயசு சொல்ல நாம் பல்லைப் பார்க்கிறோம் இல்லையா? வௌவாலின் இனம் சொல்லவும் பல்தான் பெரிய சாட்சி. குட்டைமூக்கு வௌவாலுக்கு மேலே இரண்டு சோடி, கீழே இரண்டு சோடி முன்பற்கள் உண்டு. இதற்கோ மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடிதான். வாலும் வெளியே தெரியவில்லை. இது வேறு இனம் மட்டுமில்லை, வேறு குடும்பப் பேரே தேவைப்படுகிற பிராணி என்று 1972-இல் அவர் எழுதினார். அகன்ற பல் என்ற பொருளில் லாட்டிடென்ஸ் என்றும், பறவை அறிஞர் சலீம் அலியைச் சிறப்பிக்கும் வகையில் சலிமாலியை என்றும் பேர் வைத்தார். ஆக, 24 வருஷம் அது வேறொன்றின் பேரில் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது!

அதே 1972-இல்தான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக, எலி, காகத்தோடு சேர்த்து, தொல்லை தரும் பிராணிகள் பட்டியலில் போட்டுவிட்டார்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இருக்கிற அபூர்வப் பிராணிக்கும் அதே முத்திரைதான். 1993-இல் மேகமலையில் அதை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். அதற்கென்று தனிப் பேர் இருந்ததால்தான், பின்னால் அதை மட்டும் பிரித்தெடுத்து உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. பேர் இல்லாத பிராணிக்கு யார் போய் வாதாடுவது? 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தொல்லைப் பிராணிகள் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஆகையால், "பழ வௌவாலைக் கொல்லலாம், கேள்வி கிடையாது" என்ற பழைய நினைப்பு இனிமேல் உதவாது. சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். பிடிக்காமலே வகை தெரிந்துகொள்ள முடியுமா? முடியுங்க.

முதலாவது பழந்தின்னி. நாய் முகம், பெரிய கண்கள். பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். மரத்தடியில் சக்கையும் விதையும் கிடந்தால் இதன் வேலைதான். ஆலமரத்தில் பகலில் கூட்டமாகத் தொங்குகிற பெரியவை இந்த வகை. தோட்டத்தில் நட்டம் செய்வது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இலுப்பைக்கும் இலவ மரத்துக்கும் மகரந்தம் சேர்ப்பதும், அத்தி, இலுப்பை விதைகளைத் தூரம் கொண்டுபோய்ப் போடுவதும் இவைதான்.

இரண்டாவது பூச்சி தின்னி. உருவம் சிறிது, கண் சிறிது, காது பெரிது. சிலவற்றுக்கு மூக்கின் மேல் இலை மடித்த மாதிரித் தோல் இருக்கும். பழைய கோயில், மண்டபம், ஓட்டு இடுக்கு இவற்றில் இருக்கும். இதன் எச்சம் காய்ந்திருக்கும். விரலால் தொடாமல் ஒரு குச்சியால் நசுக்கினால் பொடியாகி, பூச்சி இறக்கைத் துண்டுகள் மினுங்கும். பயிரைக் கெடுக்கிற அந்துப் பூச்சிகளையும் வண்டுகளையும் ராத்திரியில் பிடித்துத் தின்கிற பிராணி இது. பழத்தைத் தொடவே தொடாது.

மூன்றாவது ஒரு வகை உண்டு. அது தங்குகிற இடத்தில் தவளைக் காலும் பெரிய வெட்டுக்கிளி இறக்கையும் கிடக்கும். தவளை, எலி முதலானவற்றைச் சத்தத்தை வைத்தே பிடிக்கிற பெரிய காது வௌவால் இது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள்.

கிணற்று வௌவால் என்றால் எல்லாம் பூச்சி தின்னி என்றும் எண்ணிவிடாதீர்கள். கிணற்றிலும் குகையிலும் தங்குகிற பழந்தின்னியும் உண்டு. இருக்கிற இடத்தைவிட, கீழே விழுந்து கிடப்பதுதான் நம்பகமான சாட்சி.

வகை தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷயத்திலும் தடுமாற்றம் வரும். 2018-இல் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் நிபா காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு கிணற்றில் இருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னிகள். அவற்றில் அந்தக் கிருமி இல்லை. பிறகு பெரிய பழந்தின்னிகளைச் சோதித்தபோதுதான் சிலவற்றில் கிருமி தெரிந்தது. அதற்காக அவற்றைச் சுட்டுத் தள்ளுவதோ, மரத்தை வெட்டி விரட்டுவதோ பரிகாரம் ஆகாது. கலைந்த கூட்டம் பக்கத்து ஊர்த் தோப்புக்குத்தான் போகும். வௌவால் கடித்த பழத்தை நீங்களும் தின்ன வேண்டாம், குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். திறந்த பானையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். தப்பித் தவறிக் கடித்துவிட்டால், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழத் தோட்டக்காரர்கள் காய் முற்றும் சமயத்தில் குலைக்கும் காய்க்கும் பை கட்டலாம். வலை போட்டால் சிறு கண் வலையாக, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தளரத் தொங்கவிட்டால் வௌவாலோடு ஆந்தையும் சிக்கிச் சாகும். எலி பிடிக்கிற ஆந்தை போனால் நட்டம் உங்களுக்குத்தானே? குகையிலும் மண்டபத்திலும் புகை போடுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். அங்கே சாகிறது பெரும்பாலும் உங்கள் பயிருக்குக் காவல் இருக்கிற பூச்சி தின்னிதான்.

தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த அளவுக்கு எல்லாரும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கையில் கம்பை எடுக்கும் முன்னே, மரத்தடியில் டார்ச் அடித்து, கிடப்பது சக்கையா, பூச்சி இறக்கையா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். "என்ன நெல்லு?" என்று கேட்கிற நாம், "என்ன வௌவால்?" என்றும் கேட்கப் பழகினால் போதும்.