விலை ஒன்று, விளம்பரம் ஆயிரம்: கைப்பேசியைத் தொடரும் பொன் வணிகம்



துவாஸ் நம் தீவின் மேற்குக் கோடி. பெருவிரைவு ரயிலின் கிழக்கு மேற்குப் பாதை 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் துவாஸ் லிங்க் வரை நீட்டிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், இங்கிருந்து தேக்காவின் நகைக்கடைகளுக்குச் செல்வதென்றால் ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும். கப்பல் பட்டறையிலும் தொழிற்கூடத்திலும் வாரமெல்லாம் உழைப்பவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் கடை அதுவரை காத்திருப்பதில்லை. இரவு உணவு முடித்து, விடுதிக் கட்டிலில் சாய்ந்து, பழைய பாடல் ஒன்றைக் கேட்கக் கைப்பேசியைத் திறந்தால், பாட்டுக்கு முன்னே ஒரு கிராம் தங்கக் கட்டி மின்னுகிறது. செய்தி படித்தால் பத்திகளுக்கு நடுவே வெள்ளிக் காசு. பேருந்து வரும் நேரத்தைப் பார்த்தால் அங்கும் அதே கட்டி.

வெள்ளி என்று சொன்னேன். நம் ஊரில் அச்சொல் பணத்தையும் குறிக்கும், உலோகத்தையும் குறிக்கும். நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1903ஆம் ஆண்டு முதல் வார்க்கப்பட்ட டாலர் உண்மையிலேயே வெள்ளி நாணயந்தான். உலோகம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. இவ்வுரையில் குழப்பம் நேராதிருக்க, உலோகத்தை வெள்ளி உலோகம் என்றே இனிக் குறிப்பிடுவேன்.

“இத்தனை பொன் வணிகர்களா இணையத்தில் இருக்கிறார்கள்?” என்பது பலரும் கேட்கும் கேள்வி. எங்கும் தெரிவதால் எண்ணற்றவர் இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில், நாம் செல்லும் பக்கமெல்லாம் நம்மைப் பின்தொடர்ந்து வருபவர் பெரும்பாலும் ஒரு சிலரே. அச்சு நாளிதழில் வரும் விளம்பரம் ஓரிடத்தில் நிற்கும்; அதை எல்லாரும் காண்பர். இணைய விளம்பரமோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு பக்கம் நம் திரையில் விரிவதற்குள், அதிலுள்ள வெற்றிடம் ஏலத்துக்கு விடப்படுகிறது. இந்தக் கைப்பேசிக்கு உரியவர் நேற்று எதைத் தேடினார், எந்த மொழியில் படிக்கிறார், எப்பகுதியில் இருக்கிறார் என்பன போன்ற குறிப்புகளைக் கொண்டு வணிகர்களின் கணினிகள் விலை கேட்கின்றன. கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்து, எடுத்தவரின் கட்டி நம் முன் மின்னுகிறது. பெயரோ முகமோ அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தங்கையின் திருமணத்துக்கு எத்தனை பவுன் சேர்க்க முடியும் என்ற கவலையோடு நாள்தோறும் “இன்று தங்கம் விலை” என்று தேடுபவர், தாம் வாங்கும் மனநிலையில் இருப்பதைத் தாமே அறிவித்துவிடுகிறார். ஒருமுறை வணிகரின் பக்கத்தைத் திறந்து பார்த்து மூடியவரை, அந்த ஒரு வருகையை அடையாளமாக வைத்துப் பல நாள் பின்தொடர்வதும் வழக்கமான உத்திதான்.

இது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் அல்லவா, பொன்னுக்கு மட்டும் இத்தனை முனைப்பு ஏன்? இவ்வுரையின் மையம் இதுவே. சேலை விற்பவர் தம் கரையழகைச் சொல்லலாம். உணவகம் நடத்துபவர் தம் கைமணத்தைச் சொல்லலாம். 999.9 தூய்மையுள்ள தங்கத்தில் என்ன வேறுபாட்டைச் சொல்வது? ஒருவர் விற்கும் நூறு கிராமும் இன்னொருவர் விற்கும் நூறு கிராமும் ஒரே பொருள். விலையும் அவர் கையில் இல்லை. லண்டனில் வேலைநாள்தோறும் காலை 10.30 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடக்கும் ஏலங்களில் உறுதியாகும் விலையை உலகமே அளவுகோலாகக் கொள்கிறது. பொருளாலும் அடிப்படை விலையாலும் தனித்துத் தெரிய இயலாத வணிகருக்கு எஞ்சுவது, வாடிக்கையாளரின் கண்ணில் முதலில் படுவதும் அடிக்கடி பட்டு நம்பிக்கையைப் பெறுவதுமே. ஆகவேதான் அந்த ஏலத்தில் அவர் உயர்த்திக் கேட்கிறார். ஒருவர் ஒருமுறை வாங்கினாலே தொகை பெரிது. வாங்கியவர் மீண்டும் வருவார். சிலர் கட்டியை வணிகரிடமே வைத்துக் காப்புக் கட்டணமும் செலுத்துவர். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தே ஒரு சொடுக்குக்கு எவ்வளவு தரலாம் என்பதை அவர் முடிவு செய்கிறார்.

விலையேற்றமும் இத்தீயில் நெய் வார்த்தது. டிராய் அவுன்ஸ் எனப்படும் 31.1 கிராம் தங்கம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதன்முறையாக 2,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. 2025 மார்ச்சில் 3,000. அதே ஆண்டு அக்டோபரில் 4,000. அந்த விலையில், தூய தங்கம் எட்டு கிராமே ஆயிரம் டாலருக்கு மேல். விலை தலைப்புச் செய்தியாகும் நாளில் தேடுவோர் பெருகுகின்றனர். தேடுவோர் பெருகினால் ஏலம் கேட்போரும் பெருகுகின்றனர்.

சிங்கப்பூருக்கே உரிய காரணமும் ஒன்றுண்டு. முதலீட்டுக்குரிய தங்கம், வெள்ளி உலோகம், பிளாட்டினம் ஆகியவற்றுக்கு 2012ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பொருள் சேவை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தங்கமாயின் குறைந்தது 99.5 விழுக்காட்டுத் தூய்மை வேண்டும். நகைக்கு இவ்விலக்கு இல்லை. 2024ஆம் ஆண்டு முதல் அவ்வரி 9 விழுக்காடு. தேக்காவில் சங்கிலி வாங்குபவர் செய்கூலியோடு வரியும் தருகிறார். இணையத்தில் கட்டி வாங்குபவருக்கு இரண்டு சுமையும் இல்லையென்று விளம்பரம் உரைக்கிறது. உரைப்பது பொய்யன்று. ஆயினும் முழுவதையும் உரைப்பதில்லை.

ஏனெனில், விளம்பரச் செலவை யாரோ ஒருவர் தந்தாக வேண்டும். அது விற்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் இடையே ஒளிந்திருக்கிறது. கற்பனையாக ஒரு கணக்கு: சந்தையில் 100 வெள்ளி மதிப்புள்ள தங்கத்தை வணிகர் 106க்கு விற்கிறார், அன்றே திருப்பிக் கொடுத்தால் 98 தருகிறார். வாங்கிய கணத்திலேயே நம்மிடமிருந்து 8 வெள்ளி கழிந்துவிட்டது. போட்ட பணம் முழுதாகக் கைக்கு வரவே சந்தை விலை 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஏற வேண்டும். கட்டி சிறியதாக ஆக, கிராமுக்கு வைக்கும் கூடுதல் தொகையும் பொதுவாக உயரும். ஒரு கிராம் கட்டியைத் தொழிலாளியின் கைப்பேசிக்கும் நூறு கிராம் கட்டியைச் செல்வரின் கைப்பேசிக்கும் அனுப்பும் இந்த ஏற்பாட்டில், விகிதக் கணக்கில் மிகுதியாகச் செலுத்துபவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் மொழியின் பங்கு வருகிறது. பொன்னின் தரத்தைப் பேசுவதில் தமிழுக்குக் குறையே இல்லை. மாற்று என்கிறோம், உரைகல் என்கிறோம், உயர்ந்த பொன்னைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். உரைத்த கோட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் ஊசிக்கு ஆணி என்று பெயர். ஆணிப்பொன் என்ற சொல் அதனோடு தொடர்புடையது. தஞ்சைப் பெரிய கோயிலில், இராசராசன் அளித்த பொன்கலங்கள் ‘ஆடவல்லான்’ என்னும் பெயர்பெற்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன என்று கல்வெட்டு கூறுகிறது. பொருளின் எடையோடு, எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அளவையும் அளவுகோலையும் ஒருசேர அறிவித்த அந்த முறை எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது.

நகைக்கடைக்குச் செல்வோரிடம் செய்கூலி, சேதாரம் என்ற இரு சொற்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அவற்றை வைத்து வாதாடுவார். வாதாடுவதற்குச் சொல் இருந்ததால்தான், “சேதாரம் இல்லை” என்று கடைகளே விளம்பரம் செய்யும் நிலை வந்தது. கட்டி வணிகத்தின் அந்த இடைவெளிக்கோ நம் பேச்சில் பெயரில்லை. பெயரில்லாததைக் கேட்க முடிவதில்லை. ‘விலையிடை’ என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. இதனினும் நல்ல சொல்லை இந்த அவை தருமானால் மகிழ்வேன். “உங்கள் விலையிடை எவ்வளவு?” என்று ஒருவர் வணிகருக்கு எழுதிக் கேட்குமளவு அது எளிதாக இருந்தால் போதும்.

விளம்பரம் இன்னொரு வகையும் உண்டு. அதில் விற்கப்படுவது தங்கமன்று, வாக்குறுதி. மலேசியாவில் ஜென்னிவா என்ற நிறுவனம் சந்தை விலைக்கு மேல் தங்கம் விற்று, மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகவும் பின்னர்த் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் கூறிவந்தது. மலேசிய மத்திய வங்கி 2012ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அதன் அலுவலகங்களில் சோதனை நடத்தியது. பூட்டி வைத்த தங்கம் குட்டி போடுவதில்லை. மாதந்தோறும் பணம் வருகிறதென்றால் அது வேறெங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும், பின்னால் சேர்ந்தவரின் கையிலிருந்து. “திரும்ப வாங்குவோம்” என்பதையும் “இன்ன விலைக்குத் திரும்ப வாங்குவோம், இடையில் மாதப் பணமும் தருவோம்” என்பதையும் பிரித்தறியாமல் நம் மக்கள் படிப்பதைக் காணும்போதெல்லாம் அச்சமே மிஞ்சுகிறது.

சிங்கப்பூரில் விலையுயர்ந்த உலோகங்களையும் கற்களையும் விற்பவர்கள் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சட்ட அமைச்சின்கீழ் உள்ள பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பெற்றோரின் பெயர்களை இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் கருதிப் பார்க்க வேண்டியது ஒன்று: அப்பதிவு கள்ளப்பணத்தையும் பயங்கரவாத நிதியையும் தடுப்பதற்காக ஏற்பட்டது. வணிகர் கேட்கும் விலை முறையானது என்றோ, அவர் தரும் வாக்குறுதி நிறைவேறும் என்றோ அது சான்று கூறுவதில்லை. “அரசாங்கத்தில் பதிவு பெற்றவர்” என்ற வரியை விளம்பரத்தில் காண்போர் அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதைத் தங்குவிடுதி அறிவிப்புப் பலகைகளில் எளிய தமிழில் ஒட்டி வைக்கலாம். அதற்கான வாசகத்தை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.