அப்பாவோட ரத்த ரிப்போர்ட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

இந்த வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு வேற விஷயம்.

மார்ச் மாசம் எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. பல் தேய்க்கும்போது பிரஷ் கையில இருந்து நழுவுச்சு, பேச்சு குழறுச்சு. ஸ்கேன் பார்த்துட்டு இடது பக்க மூளையில ரத்தக்குழாய் அடைப்புன்னு சொன்னாங்க. வலது கையும் காலும் அசையல.

அன்னைக்கு ராத்திரி ஐசியூ வாசல்ல உட்கார்ந்திருக்கேன், லேப் ரிப்போர்ட் வாட்ஸப்ல வருது. சாதாரண ரத்த அணுக் கணக்குதான். நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 9. நம்ம புத்தி சும்மா இருக்குமா? கூகுள் பண்ணேன். முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்து வர்ற ரேஷியோ அதிகமா இருந்தா, மூணு மாசம் கழிச்சு நிலைமை மோசமா இருக்க வாய்ப்பு அதிகம்னு ஏகப்பட்ட ஆய்வுகள். ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குப் பொதுவா 1-லிருந்து 3-க்குள்ள இருக்கும். அப்பாவுக்கு 9.3. மூணு தடவை வகுத்துப் பார்த்தேன். அம்மாகிட்ட சொல்லல.

ஏன் ஏறுது? மூளையில ஒரு பகுதி ரத்தம் இல்லாம சாகும்போது உடம்பு அதைக் காயமாத்தான் பார்க்குது. சில மணி நேரத்துலயே நியூட்ரோஃபில்கள் கிளம்பிடும். கிருமியைக் கொல்ல வெச்சிருக்கிற என்சைம்களைக் கிருமியே இல்லாத இடத்துல கொட்டும். அது ரத்தக்குழாய்ச் சுவரையே அரிக்கும். அதே நேரம் கார்ட்டிசால் மாதிரி ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் ஏறி லிம்போசைட்டைக் குறைக்கும், எதிர்ப்பு சக்தி தளரும். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு நிமோனியா சுலபமா வர்றதுக்கு, சரியா விழுங்க முடியாததோட சேர்த்து இதுவும் ஒரு காரணம்.

அப்போ நியூட்ரோஃபிலைத் தடுத்துட்டா போதுமே? எனக்கும் அதான் தோணுச்சு. அதைச் செஞ்சே பார்த்திருக்காங்க. என்லிமோமாப்னு ஒரு மருந்து, நியூட்ரோஃபில் ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்டாம தடுக்கிறதுக்காக. 625 பேர் கலந்துக்கிட்ட அந்த சோதனையோட முடிவு 2001-ல வெளியாச்சு. மருந்து எடுத்தவங்க நிலைமைதான் இன்னும் மோசமாச்சு, சாவும் அதிகம். அது எலியோட ஆன்டிபாடி, அதுவே உடம்பைக் கிளப்பிவிட்டிருக்கலாம்னு ஒரு விளக்கம் உண்டு. ஆனா எனக்கு இது பழக்கமான கதை. சர்வர் விழுந்தா, கால்ல எத்தனை பேர் சேர்றாங்கன்றதை வெச்சே பிரச்சனை எவ்வளவு பெருசுன்னு சொல்லிடலாம். அவங்களை எல்லாம் கால்ல இருந்து தூக்கிட்டா சர்வர் எழுந்திருச்சிடாது.

மறுநாள் காலையில டாக்டர் மேடம்கிட்ட தயங்கித் தயங்கி 9.3-ஐக் காட்டினேன். சிரிக்கல. "கணக்கு சரிதான் தம்பி. ஆனா நெஞ்சுல இன்ஃபெக்ஷன் இருந்தாலும் இது ஏறும், ஸ்டீராய்டு போட்டாலும் ஏறும், ரத்தம் எடுத்த நேரத்தைப் பொறுத்தும் மாறும். உங்கப்பா வயசும், முதல் நாள் பாதிப்பு எவ்வளவுங்கிறதும் இதைவிட அதிகம் சொல்லும்"னாங்க. அப்புறம் அப்பாவை நிமிர்த்தி உட்கார வெச்சு, ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்து, முழுங்குறாரான்னு பார்த்தாங்க. இருமினார். உடனே வாய் வழியா எதுவும் வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. என் பையில ஃபிளாஸ்க்ல காபி இருந்துச்சு. மேடம் போனதும் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். ராத்திரி முழுக்க ஆய்வுக்கட்டுரை படிச்சவனுக்கு, அது நுரையீரலுக்குள்ள போகலாம்னு தோணவே இல்ல.

அந்த ஆய்வுகள்ல "மோசமான முடிவு"ன்னா என்னன்னு அப்புறம்தான் தேடினேன். ரேங்கின் ஸ்கேல்னு 0-லிருந்து 6 வரைக்கும் ஒரு அளவு. 0-ன்னா எந்தத் தொந்தரவும் இல்ல, 6-ன்னா மரணம். பெரும்பாலும் 2 வரைக்கும் நல்ல முடிவு, 3-லிருந்து மோசம்னு கோடு போடுறாங்க.

மூணு மாசம் கழிச்சு அப்பா 3. யாரையும் பிடிக்காம நடந்து கேட் வரைக்கும் போய் பேப்பர் எடுத்துட்டு வர்றார். வேட்டி கட்ட மட்டும் நான் வேணும். அதுவும் நான் கட்டுறது சரியில்லன்னு தினமும் ஒரு திட்டு, பாதி குழறலோட.

சரி, டேட்டாபேஸ் அடுத்த வாரம். இந்த முறை நிஜமாவே.