காவலே பகையானால்

2020ஆம் ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் சென்னையில் கொரோனா நோய் மிகுந்த பகுதிகளுள் இராயபுரம் முன்னின்றது. வடக்கே வள்ளூரில் அச்செய்திகளைக் கேட்டுவந்த எனக்கு ஓர் ஐயம். முதல் வாரம் காய்ச்சலோடு நடமாடியவர் இரண்டாம் வாரம் மூச்சுக்குத் தவிப்பானேன்?

கிருமி மட்டும் காரணமன்று. அதனை எதிர்க்க நம் உடலணுக்கள் சைட்டோகைன் என்னும் பொருள்களைச் சுரந்து படை திரட்டுகின்றன. சிலரிடம் அவ்வழைப்பு அடங்குவதேயில்லை. எங்கள் ஊர் அனல் மின் நிலையத்துக் கொதிகலனில் நீராவி அளவோடிருந்தால் விளக்கெரியும்; அளவு மீறினால்? நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் அழற்சியுற்றுக் கசிகின்றன. உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. பிராணவாயு குருதியில் கலக்க வழியில்லை.

அவ்வாண்டு ஜூனில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் நற்செய்தி ஒன்று வெளியிட்டனர். டெக்சாமெத்தசோன் என்பது பழைய, மலிவான மருந்து, அழற்சியைத் தணிப்பது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் கொடுத்ததில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. பிராணவாயு மட்டும் பெற்றோரிடையே ஐந்திலொரு பங்கு. அது தேவைப்படாதவர்க்கோ பயன் காணவில்லை. காய்ச்சல் கண்ட அன்றே அதனைத் தாமாக வாங்கி விழுங்குவது அச்சந்தரும் செயல்! கிருமி பெருகும் வேளையில் காவலரின் கையைக் கட்டலாமா? அதனாற்றான் மருத்துவர், மருந்தைத் தொடுமுன், விரலில் மாட்டிய சிறு கருவி காட்டும் பிராணவாயு அளவை நோக்கினர்.